செவிலியரின் பரிவும் அறத் தீர்ப்பும்: திருமுக்கூடல் ஆதுலர் சாலை முதல் அருணா சான்பாக் வழக்கு வரை

ஆய்வுச் சுருக்கம்

நோயாளியின் அருகில் மிகுதியான நேரம் இருப்பவர் செவிலியர். ஆயினும் நோயாளியைக் குறித்த அறநெறி முடிவுகளில் அவருடைய சொல்லுக்கு எவ்வளவு இடம் தரப்பட்டது என்பது வரலாற்றில் தனித்து ஆராயப்பட வேண்டிய பொருளாக உள்ளது. காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த திருமுக்கூடல் கல்வெட்டு, திருக்குறளின் மருந்து அதிகாரத்திற்குப் பரிமேலழகர் வகுத்த உரை, சென்னை மாகாணத்தில் செவிலியப் பயிற்சி வளர்ந்த முறை, எச்.ஐ.வி. நோயாளிகளைப் பேணிய தாம்பரம் மருத்துவமனை, மும்பை அருணா சான்பாக் வழக்கு ஆகியவற்றை இக்கட்டுரை ஒரு தொடராக வைத்து நோக்குகிறது. செவிலியரின் பரிவு எல்லாக் காலத்திலும் போற்றப்பட்டது என்பதும், அப்பரிவிலிருந்து பிறக்கும் அறிவு அரிதாகவே ஏற்கப்பட்டது என்பதும் இதன் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: செவிலியர், பரிவு, அறத் தீர்ப்பு, ஆதுலர் சாலை, உழைச்செல்வான், அருணா சான்பாக், கருணைக்கொலை.

முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவும் மருந்துகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. நோயாளிக்கு உணவூட்டியவர், உடல் துடைத்தவர், இரவில் விழித்திருந்தவர் ஆகியோர் அவ்வரலாற்றில் பெயரின்றி நிற்கின்றனர். அவர்களைப் பற்றிப் பேசும்போதும் அன்பு, பொறுமை, தொண்டு என்னும் சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு நோயாளிக்கு எது நன்மை, எது தீமை என்று எடைபோட்டு முடிவு செய்யும் ஆற்றல் அவர்களுக்கு உண்டா என்னும் வினா எழுப்பப்படுவதில்லை.

இக்கட்டுரையில் 'பரிவு' என்பது பிறர் படும் துன்பத்தை அவர் நிலையில் நின்று உணர்வதைக் குறிக்கும். இது இரக்கத்தினின்று வேறானது. இரங்குபவர் விலகி நின்றும் இரங்கலாம். பரிவுக்கு அண்மை வேண்டும். 'அறத் தீர்ப்பு' என்பது இரு பொருளில் வரும். நோயாளி எத்தகையவர் என்று அவரை எடைபோடுவது ஒன்று. அவருக்குச் செய்யத்தக்கது எது என்று தம் செயலை எடைபோடுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடங்களில்தான் செவிலியரின் அறநெறி வாழ்வு வெளிப்படுகிறது.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. காஞ்சிபுரத்திற்கும் வாலாஜாபாத்திற்கும் இடையே உள்ள ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில், ஒருவர் நோயுற்றால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். மருத்துவமனையில் நாள்முழுதும் உடனிருக்க உறவினரால் இயலாதபோது, நோயாளி எதை வேண்டினார், எதற்கு அஞ்சினார், எப்போது வலி மிகுந்தது என்பவற்றை அறிந்தவர் செவிலியர் ஒருவரே ஆகிறார். அவர் அறிந்தது எங்கே பதிவாகிறது, யாரிடம் சென்று சேர்கிறது என்பது நோயாளியின் இறுதி நாள்களைத் தீர்மானிக்கும் வினாவாகும்.

திருமுக்கூடல் ஆதுலர் சாலை

ஐயம்பேட்டை அமைந்துள்ள வாலாஜாபாத் வட்டாரத்திலேயே, பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் உள்ளது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் வீரராசேந்திரன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. கோயில் செலவினங்களை விரிவாக வகுக்கும் அக்கல்வெட்டு, வேதம் பயிலும் மாணவர்களுக்கான கல்விச் சாலையையும் அதனோடு இணைந்த 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையையும் குறிப்பிடுகிறது. மாணவர்களும் கோயிற் பணியாளர்களும் நோயுற்றால் தங்கி மருத்துவம் பெற அச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன.

அதன் பணியாளர் பட்டியல் செவிலிய வரலாற்றுக்கு முதன்மையான சான்றாகும். மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்பவர் இருவர், நோயாளிகளுக்கு வேண்டுவன செய்து மருந்தூட்டும் பெண்டிர் இருவர், நாவிதர், நீர் கொணர்பவர் என அது விரிகிறது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளும் பெயர் சொல்லப்பட்டுள்ளன.

இப்பட்டியலில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, நோயாளியைப் பேணுதல் மருத்துவத்தின் பகுதியாக, ஊதியம் பெறும் தனிப் பணியாக வகுக்கப்பட்டுள்ளது. வீட்டுப் பெண்களின் இயல்பான கடமை என்றிருந்த ஒன்று இங்கே நிறுவனப் பணியாகிறது. இரண்டாவது, அப்பணி பெண்களுக்கு உரியதாகக் குறிக்கப்பட்டுள்ளது. மூன்றாவது, மருத்துவரின் பெயரும் குடியும் கல்வெட்டில் இடம்பெற, அப்பெண்டிர் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறுகின்றனர். அவர்கள் பெற்ற நெல்லும் மருத்துவருக்குரியதைவிட மிகக் குறைவே. பணி ஏற்கப்பட்டது, பணி செய்தவர் பெயரின்றி நின்றார். பின்வந்த காலங்களிலும் இவ்வமைப்பு பெரிதும் மாறவில்லை.

'உழைச்செல்வான்': குறளும் உரையும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' தன் இறுதிக் குறளில் (950) மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்கு. 'உழை' என்பது அருகு, பக்கம் என்னும் பொருளது. எனவே நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தை இயற்றுபவரே உழைச்செல்வான். அண்மையே அவருடைய பெயராக அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

காஞ்சிபுரத்தவர் என மரபு கூறும் பரிமேலழகர், இந்நான்கு கூறுகளில் ஒவ்வொன்றையும் மேலும் நான்காகப் பகுத்து உரை வகுத்தார். அவ்வகையில் உழைச்செல்வானுக்கு வேண்டிய பண்புகள் நான்கு: நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லப்பட்டவற்றைச் செய்து முடிக்கும் வன்மை, அறிவுடைமை. சரக சங்கிதையும் மருத்துவத்தை நான்கு பாதங்களாகக் கொண்டு, பேணுபவருக்குப் பேணும் முறை பற்றிய அறிவு, திறமை, அன்பு, தூய்மை ஆகியவற்றை விதிக்கிறது. எனவே இது இந்திய மருத்துவ மரபின் பொதுக் கருத்து எனலாம்.

பரிமேலழகர் பட்டியலில் அன்பு முதலிலும் அறிவு இறுதியிலும் நிற்க, இடையில் ஏவலை நிறைவேற்றும் வன்மை நிற்கிறது. ஏவியதைச் செய்வது மட்டுமே உழைச்செல்வானின் பணி எனின், அறிவுடைமையைத் தனியே கூற வேண்டியதில்லை. அன்பும் அறிவும் உடையவரே ஏவலைச் சரியாக நிறைவேற்ற வல்லவர் என்பது அவ்வைப்புமுறையிலிருந்து பெறப்படும்.

இக்காலத் தமிழ், 'நர்ஸ்' என்பதற்கு ஈடாகச் 'செவிலியர்' என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்டது. அகப்பொருள் மரபில் செவிலி தலைவியை வளர்க்கும் தாய். தோழி அச்செவிலியின் மகள். களவொழுக்கத்தில் தலைவி தன் நிலையைத் தானே வெளிப்படக் கூற இயலாதபோது, தோழி செவிலிக்கும் செவிலி நற்றாய்க்கும் உண்மையை உணர்த்துவர். இதனை இலக்கண நூல்கள் 'அறத்தொடு நிற்றல்' என்று வழங்கும். பேச இயலாத ஒருத்தியின் பொருட்டு, அவள் நலன் கருதி, அதிகாரம் உடையவர்முன் உண்மையை எடுத்துரைப்பதே அதன் சாரம். செவிலி என்னும் சொல்லை ஏற்றுக்கொண்ட தமிழ், வளர்ப்பவள் என்னும் பொருளை எடுத்துக்கொண்ட அளவிற்கு அறத்தொடு நிற்பவள் என்னும் பொருளை எடுத்துக்கொள்ளவில்லை.

சென்னை மாகாணத்தில் செவிலியப் பயிற்சி

புதிய மருத்துவமனை முறை 1664இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினியின் படைவீரர்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனையிலிருந்து வளர்ந்தது. பெண்களுக்கான முறைசார்ந்த பயிற்சி அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்தே வந்தது. 1854இல் சென்னையில் மருத்துவச்சியர் பயிற்சிப் பள்ளிக்கு அரசு ஒப்புதல் அளித்தது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த செவிலியர் அதற்குப் பொறுப்பேற்றனர். பேறுகாலப் பயிற்சியை முன்னரே முடித்த பெண்கள் முதல் மாணவியராயினர்.

இப்பயிற்சி நைட்டிங்கேல் காலத்து ஒழுங்குமுறையைத் தன்னுடன் கொண்டுவந்தது. தூய்மை, நேரந்தவறாமை, பதிவேடு, படிநிலை ஆகியவை அதன் தூண்கள். இறப்பு விகிதத்தைக் குறைத்ததில் இவற்றின் பங்கு பெரிது. அதே வேளை, மருத்துவர் ஆணையிடுவார், செவிலியர் நிறைவேற்றுவார் என்னும் பிரிவினை உறுதிப்பட்டது. அப்பிரிவினையின்மேல் ஆண்–பெண் வேற்றுமையும், ஆள்வோர்–ஆளப்படுவோர் வேற்றுமையும் ஏறி அமர்ந்தன.

தமிழ்ச் சமூகத்தின் மனத்தடையும் இதனோடு சேர்ந்தது. அயலாரின் உடலையும் கழிவையும் தொடும் பணி, இரவில் வீட்டுக்கு வெளியே தங்கும் பணி என்பதால் சாதி இந்துக் குடும்பங்கள் தம் பெண்களை இதற்கு அனுப்பத் தயங்கின. ஆங்கிலோ–இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும் தொடக்கக் காலத்தில் மிகுதியாக இப்பணிக்கு வந்தனர். நோயாளி செவிலியரிடமிருந்து பரிவை எதிர்பார்த்தார். நோயாளியின் சமூகமோ அச்செவிலியர்மீதே இழிவுத் தீர்ப்பை வழங்கியது. பரிவு காட்டுபவரே சமூகத்தின் அறத் தீர்ப்புக்கு உள்ளானவர் என்னும் இம்முரண் செவிலிய வரலாற்றில் ஆழமாகப் பதிந்துள்ளது.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, 1909இல் செவிலியர் பள்ளியாகவும் விரிந்தது. 1926இல் சென்னைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் நிறைவேறியது. இதன்வழிப் பதிவு பெற்ற தொழில் என்னும் நிலை செவிலியருக்குச் சட்டத்தால் கிடைத்தது. 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியக் கல்லூரிகள் தொடங்கப்பட்டுப் பட்டப்படிப்பு நிலை ஏற்பட்டது. பள்ளிப் பயிற்சியாக இருந்தது பல்கலைக்கழகக் கல்வியாக உயர்ந்தது.

அதே ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருப்பதாகக் கணக்கிட்டது. அப்போது நாடு முழுவதும் இருந்த செவிலியர் சுமார் 7,000 பேர். 500 பேருக்கு ஒருவர் என்னும் இலக்கை எட்ட 1971இல் 7,40,000 செவிலியர் தேவைப்படுவர் என அக்குழு மதிப்பிட்டது. இவ்வெண்கள் அறநெறிக்கும் தொடர்புடையன. பரிவுக்கு நேரம் வேண்டும். ஒரு கூடத்து நோயாளிகள் அனைவரையும் ஒருவரே பார்க்க வேண்டிய இடத்தில், யாரிடம் முதலில் செல்வது என்பதே ஒவ்வொரு மணி நேரமும் எடுக்க வேண்டிய அறநெறி முடிவாகிவிடுகிறது. அம்முடிவுக்குப் பயிற்சியும் இல்லை, பதிவும் இல்லை.

விசுவாசத்திலிருந்து பொறுப்புக்கு

உலக அளவில் செவிலிய அறநெறி எழுத்து வடிவம் பெற்ற வரலாறும் இதே போக்கைக் காட்டுகிறது. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இயற்றப்பட்ட நைட்டிங்கேல் உறுதிமொழி, மருத்துவருக்கு விசுவாசத்துடன் துணைநிற்பதைச் செவிலியரின் கடமையாகக் கூறியது. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953இல் ஏற்ற முதல் நெறிமுறையும் மருத்துவரின் ஆணையை அறிவுடனும் விசுவாசத்துடனும் நிறைவேற்றுவதை வலியுறுத்தியது. 1973ஆம் ஆண்டுத் திருத்தமே செவிலியரின் முதன்மைப் பொறுப்பு பேணப்பட வேண்டிய மக்களுக்கே உரியது என்று மாற்றியது. விசுவாசம் என்னும் இடத்தில் பொறுப்பு வந்து அமர 80 ஆண்டுகள் ஆயின.

1982இல் கரோல் கில்லிகன், அறநெறி வளர்ச்சி பற்றிய லாரன்ஸ் கோல்பர்க்கின் படிநிலைக் கோட்பாட்டை மறுத்தார். பொது விதிகளிலிருந்து முடிவு காண்பதை உயர்ந்த நிலையாகவும், உறவிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் முடிவு காண்பதைத் தாழ்ந்த நிலையாகவும் வைப்பது பெண்களின் அனுபவத்தைப் புறக்கணிப்பதாகும் என்பது அவர் வாதம். பேணுதலின் அறவியல் என்று பின்னர் வளர்ந்த சிந்தனைக்கு அது வித்திட்டது. 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன், செய்யத்தக்கது இன்னது என்று தெரிந்தும் நிறுவனத் தடைகளால் செய்ய இயலாதபோது செவிலியருக்கு ஏற்படும் துன்பத்தை 'அறநெறி உளைச்சல்' என்று பெயரிட்டு விளக்கினார். பரிவு மிகுந்தவரே இவ்வுளைச்சலுக்கு மிகுதியாக ஆளாவர். அதற்கு மாற்றாகப் பரிவைக் குறைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துவது நோயை விட்டு நோயுற்றவரைக் கண்டிப்பதற்கு ஒப்பாகும்.

தாம்பரம்: நோயாளியை எடைபோடுதல்

நோயாளியின் ஒழுக்கத்தை எடைபோடும் தீர்ப்பு பரிவைத் தடுக்கும் என்பதற்கு எச்.ஐ.வி. நோயின் வரலாறு சான்றாகும். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் தலைமையில் நடந்த ஆய்வில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. மாதிரிகள் வேலூரில் பரிசோதிக்கப்பட்டன. தொற்று முதலில் பாலியல் தொழில் புரிந்த பெண்களிடம் கண்டறியப்பட்டமையால், நோய் ஒழுக்கக்கேட்டின் விளைவு என்னும் எண்ணம் மருந்துக்கு முன்பே பரவியது.

1928இல் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தாம்பரத்தில் தொடங்கி, 1937இல் அரசின் பொறுப்புக்கு வந்த மருத்துவமனை, 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளை உள்நோயாளிகளாக ஏற்றது. பிற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டோரும் அங்கே வந்து சேர்ந்தனர். காசநோய் காலத்திலேயே தொற்றுக்கு அஞ்சாது பேணும் பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. தொற்று எவ்வாறு பரவும், எவ்வாறு பரவாது என்னும் அறிவு அச்சத்தைக் குறைக்கும். அச்சம் குறைந்த இடத்திலேயே அண்மை இயலும். 'அன்புடைமை'யும் 'அறிவுடைமை'யும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை இவ்வரலாற்றில் காணலாம். எச்.ஐ.வி. உள்ளவரை மருத்துவத்தில் வேறுபடுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வருவதற்கு முன்பே அதன் உள்ளடக்கத்தை நோயாளியின் படுக்கையருகே முடிவு செய்ய வேண்டியவர்களாகச் செவிலியர் இருந்தனர்.

அருணா சான்பாக்: பேணியவர்களின் சொல்

செவிலியரின் பரிவும் அறத் தீர்ப்பும் இந்திய நீதிமன்றத்தின்முன் நேரடியாக வந்து நின்றது அருணா சான்பாக் வழக்கில்தான். கருநாடக மாநிலம் ஹல்திபூரைச் சேர்ந்த அருணா ராமச்சந்திர சான்பாக், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இளநிலைச் செவிலியராகப் பணியாற்றினார். 1973 நவம்பர் 27 மாலை, அங்கே துப்புரவுப் பணியிலிருந்த ஒருவர் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கித் தாக்கினார். மூளைக்குக் குருதி செல்வது தடைப்பட்டது. மறுநாள் காலையில் கண்டெடுக்கப்பட்ட அவர் அதன்பின் தன்னிலைக்குத் திரும்பவில்லை. குற்றவாளி கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும் தண்டிக்கப்பட்டார். பாலியல் வன்முறை வழக்கில் சேர்க்கப்படவில்லை.

மும்பைச் செவிலியர் பணிப் பாதுகாப்புக் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் 1980களில் மாநகராட்சி நிருவாகம் அவரை வேறிடத்திற்கு மாற்றிப் படுக்கையை விடுவிக்க முயன்றபோது, கே.இ.எம். செவிலியர் போராடி அதனைத் தடுத்தனர். தலைமுறை தலைமுறையாகச் செவிலியர் அவருக்கு உணவூட்டினர், உடல் கழுவினர், புரட்டிப் படுக்க வைத்தனர். இத்தனை ஆண்டுகள் படுக்கையில் இருந்தும் அவருக்குப் படுக்கைப் புண் வராமற் காத்தமை நீதிமன்றத்தின் பாராட்டைப் பெற்றது. படுக்கைப் புண் இன்மை என்பது ஒரு நாள் அன்பால் அமைவதன்று. நாள்தோறும் குறித்த இடைவெளியில் உடலை இடம்மாற்றும் ஒழுங்கால் அமைவது.

எழுத்தாளர் பிங்கி விரானி, அருணாவுக்குச் செலுத்தப்படும் உணவை நிறுத்தி அமைதியான இறப்பை அனுமதிக்குமாறு உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். 2009 திசம்பரில் அம்மனு ஏற்கப்பட்டது. 2011 சனவரியில் நீதிமன்றம் மூன்று மருத்துவர் கொண்ட குழுவை அமைத்தது. அருணா மூளைச்சாவு அடையவில்லை என்றும், நீடித்த உணர்விழந்த நிலைக்குரிய கூறுகளில் பெரும்பாலானவை அவரிடம் உள்ளன என்றும் அக்குழு கூறியது. மருத்துவமனையின் தரப்போ, அவர் உணவை ஏற்கும்போது முகக்குறிப்புக் காட்டுவதையும், பணியாளர் அவர் இயல்பாக வாழ்ந்து மறைவதையே விரும்புவதையும் எடுத்துரைத்தது.

இங்கே இரு பரிவுகள் எதிரெதிரே நின்றன. மாண்பற்ற நிலையில் ஓர் உயிரை நீட்டிப்பது கொடுமை என்றது ஒரு பரிவு. தம் கையால் உண்ணும் ஒருவரைப் பட்டினியிட இயலாது என்றது மற்றொரு பரிவு. இரண்டையும் வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிட முடியாது. எனவே பரிவு உண்டா என்பது வினாவாகாமல், யாருடைய பரிவுக்கு அவர் சார்பில் பேசும் உரிமை உண்டு என்பதே வினாவாயிற்று.

2011 மார்ச்சு 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா ஆகியோர் தீர்ப்பளித்தனர். பிங்கி விரானியின் சமூக உணர்வைப் பாராட்டிய நீதிமன்றம், அருணாவின் 'உற்ற நண்பர்' என்னும் சட்ட நிலை, ஆண்டுக்கணக்கில் அவரைப் பேணிய கே.இ.எம். பணியாளர்களுக்கே உரியது என்று முடிவு செய்தது. மனு தள்ளுபடியாயிற்று. அதே தீர்ப்பு, உயிர்காப்பு உதவியை விலக்கிக்கொள்வதை உரிய உயர் நீதிமன்ற ஒப்புதலுடன் அனுமதிக்கலாம் என்ற நெறியையும் வகுத்தது. 1993ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை வழங்கிய ஏர்டேல்–பிளாண்ட் தீர்ப்பு இதற்குத் துணையாகக் கொள்ளப்பட்டது. கே.இ.எம். பணியாளர் பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டாலும் மும்பை உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்பது அத்தீர்ப்பின் இன்றியமையாத பகுதி.

இத்தீர்ப்பு இரண்டு செய்திகளை ஒருங்கே கூறுகிறது. குருதி உறவோ, அக்கறையோ மட்டும் ஒருவர் சார்பில் பேசும் தகுதியைத் தந்துவிடாது. நாள்தோறும் பேணிய உழைப்பு அத்தகுதியைத் தரும். அதே வேளை, பேணியவர் சொல்லும் இறுதிச் சொல் அன்று. அது சான்று, தீர்ப்பு அன்று. இந்த எல்லை தேவையானதே. கே.இ.எம். செவிலியர் அருணாவிடம் ஒரு நோயாளியை மட்டும் காணவில்லை. தம்மில் ஒருவரை, தமக்கும் நேர்ந்திருக்கக்கூடிய ஒன்றைக் கண்டனர். தம் தொழிலின் மாண்பையே அவர் உடலில் காத்தனர். அத்தகைய ஒன்றிப்பு ஒருவரைப் பேணும் ஆற்றலைத் தரும்; அவர் எதை வேண்டியிருப்பார் என்பதைக் காணவிடாமல் மறைக்கவும் கூடும். அருணாவின் சொந்த விருப்பம் எது என்பதை எத்தரப்பாலும் காட்ட இயலவில்லை.

2015 மே 18 அன்று நிமோனியாவால் அருணா மறைந்தார். சற்றேறக்குறைய 42 ஆண்டுகள் அவர் அம்மருத்துவமனையின் பேணலில் இருந்தார்.

தீர்ப்புக்குப் பின்

2018 மார்ச்சு 9 அன்று, 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, மாண்புடன் இறக்கும் உரிமையை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. ஒருவர் தம் இறுதிக்கால மருத்துவம் குறித்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கவும் வழிவகுத்தது. நடைமுறை மிகக் கடினமாக இருந்தமையால் 2023 சனவரியில் அது எளிமையாக்கப்பட்டது. மருத்துவமனை அமைக்கும் முதல்நிலைக் குழு, அதனை மறு ஆய்வு செய்யும் இரண்டாம் நிலைக் குழு, ஒவ்வொன்றுக்கும் இயன்றவரை 48 மணி நேர வரையறை என்று அது திருத்தப்பட்டது.

அருணாவின் வழக்கில் நோயாளியின் விருப்பம் தெரியாதிருந்த குறையை முன்விருப்ப ஆவணம் தீர்க்கிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் குழுக்களின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஓர் இழப்பும் தெரியும். சிகிச்சையளிக்கும் மருத்துவர், துறை வல்லுநர், மாவட்ட மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஆகியோர் அவற்றில் உள்ளனர். செவிலியருக்கு அவற்றில் இடம் இல்லை. பேணியவர்களின் அறிவை அடித்தளமாகக் கொண்டு தொடங்கிய சட்ட வரலாறு, நடைமுறை வகுக்கும் கட்டத்தில் அவர்களை வெளியே நிறுத்திவிட்டது.

இதன் விளைவு எழுத்தறிவும் வசதியும் குறைந்த குடும்பங்களுக்கே மிகுதி. முன்விருப்ப ஆவணம் எழுதும் வழக்கம் கூலி நெசவாளர் குடும்பங்களை எட்ட நெடுங்காலம் ஆகும். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் 1969இல் அமைந்த அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளை நாடி வருவோரில் அத்தகையோர் பலர். வலி பொறுக்க முடியாத இரவில் அவர்கள் கூறும் சொற்களே பலருக்கு எழுதப்படாத விருப்ப ஆவணம். அதைக் கேட்பவர் இரவுப் பணியிலுள்ள செவிலியர். அவர் கேட்டதைக் குறித்துவைக்க ஓரிடமும், குழுவின்முன் கூற ஒரு வாய்ப்பும் இருந்தாலொழிய, நோயாளியின் விருப்பம் அவரோடு மறைந்துவிடும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. நோயாளியைப் பேணுதல் ஊதியத்திற்குரிய தனிப் பணி என்பது காஞ்சிபுரம் வட்டாரத்தில் 11ஆம் நூற்றாண்டிலேயே நிறுவன வடிவம் பெற்றிருந்தது. எனினும் பேணியவர் பெயரின்றியே பதிவாயினர்.

2. பரிமேலழகர் உரை உழைச்செல்வானுக்கு அன்பையும் அறிவையும் இணையாக விதித்தது. குடியேற்றக் காலப் பயிற்சி அன்பையும் ஏவல் நிறைவேற்றலையும் வளர்த்து, அறிவுடைமையை மருத்துவரின் உடைமையாக்கியது.

3. நோயாளியின் ஒழுக்கத்தை எடைபோடும் தீர்ப்பு பரிவைத் தடுக்கும்; தம் செயலை எடைபோடும் தீர்ப்பு பரிவிலிருந்தே பிறக்கும். எச்.ஐ.வி. நோயின் வரலாறு முதலாவதற்கும் அருணா சான்பாக் வழக்கு இரண்டாவதற்கும் சான்றாகின்றன.

4. பேணும் உழைப்பு ஒருவர் சார்பில் பேசும் தகுதியைத் தரும் என 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏற்றது. அச்சொல்லை மேலாய்வுக்கு உட்படுத்தியதும் சரியே. 2018, 2023ஆம் ஆண்டு நடைமுறைகள் அச்சொல்லைக் கேட்கும் வாயிலை அமைக்கவில்லை.

இறுதிக்கால மருத்துவம் குறித்த குழுக்களில், நோயாளியை நேரடியாகப் பேணிய செவிலியரின் எழுத்து வடிவக் கூற்று கட்டாயமாக இணைக்கப்படுதல் வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் குழுவிடமே இருக்கட்டும். அக்குழு அறியாத ஒன்றை அறிந்தவரின் சொல் அதன்முன் வரட்டும். அகப்பொருள் மரபு செவிலிக்கு வழங்கிய 'அறத்தொடு நிற்றல்' என்னும் கடமை, இக்கால மருத்துவமனையில் நிறைவேறுவதற்கு இது முதற்படியாக அமையும்.